எல்4 நழுவலும் இடுப்பு வலியும்: எக்ஸ்ரேயில் தெரியும் 3 மில்லிமீட்டருக்கு என்ன மதிப்பு?

இந்த ஆய்வில் வரும் நோயாளி கற்பித்தலுக்காக அமைக்கப்பட்டவர். நாள்பட்ட இடுப்பு வலியில் அடிக்கடி காணும் வரலாறு, பரிசோதனை முடிவுகள், அளவுகள் ஆகியவற்றைச் சேர்த்து அவரை உருவாக்கியிருக்கிறோம். இடையே சொல்லப்படும் அளவுகோல்களும் வெளியான ஆய்வுகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளை மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை எண்ணுவார்கள்; அவற்றுக்குக் கீழே சாக்ரம், அதன் முதல் பகுதி எஸ்1. தொடங்கும் முன் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். ஒரு முள்ளெலும்பு தனக்குக் கீழே உள்ளதன் மீது முன்னே தள்ளி நிற்பதை இங்கே 'நழுவல்' என்கிறோம். குனியும்போதும் பின்னே சாயும்போதும் அந்த நழுவலின் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது 'பெயர்வு'. முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதன் பெயரை, அதாவது 'உறுதியின்மை' என்பதை, அறிக்கையில் எழுதிவிடுவதுதான் இந்தத் துறையில் மிகுதியாக நடக்கும் தவறு.

நோயாளியும் வரலாறும்

வயது 47, பெண். பின்னலாடை நிறுவனமொன்றில் செக்கிங் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்றபடி வேலை செய்வதோடு, தரையில் கிடக்கும் துணிக்கட்டுகளைக் குனிந்து எடுத்து மேசையில் வைக்கவும் வேண்டும். ஏழு மாதமாகக் கீழ்முதுகில் வலி. சில நாட்களில் இடப்பக்கப் புட்டம் வரை பரவும், முழங்காலுக்குக் கீழே இறங்குவதில்லை. குனிவதைவிட நிமிர்வதுதான் சிரமம். "குனிஞ்சு நிமிர்றப்ப நடுவால ஒரு எடத்துல டக்குனு புடிச்சுக்குதுங்க. தொடையில கை ஊணித்தான் எந்திரிக்கணும்" என்பது அவர் வாக்கு. ஒரே இடத்தில் நின்றாலும் தரையிலிருந்து எழுந்தாலும் வலி கூடும்; படுத்தால் குறையும்.

காய்ச்சல், எடை இழப்பு, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, புற்றுநோய் வரலாறு, ஸ்டீராய்டு மருந்து, விழுந்து அடிபட்டது எதுவும் இல்லை. சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றமில்லை. நடந்தால் கால் கனத்து உட்காரத் தோன்றுவதும் இல்லை. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. அதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் நரம்புக்குழாய் நெருக்கத்தை, அதாவது முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் குழாய் குறுகியிருப்பதை, தேட வேண்டும், வழியே மாறிவிடும்.

ஐந்து மாதத்துக்கு முன் ஓரிடத்தில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். 'எல்5 மீது எல்4 நழுவல், முதல் நிலை, உறுதியின்மை, அறுவை மருத்துவரை அணுகவும்' என்று அறிக்கை. 'எலும்பு நகர்ந்திருச்சு, குனியவே கூடாது' என்று சொல்லப்பட்டதால் அன்றிலிருந்து நாளுக்குப் பத்து மணி நேரம் பெல்ட். தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை, கோலம் போடுவதில்லை. வலி குறையவில்லை, பயம் கூடியது. வலி பத்துக்கு 6. இடுப்பு வலி அன்றாட வேலைகளை எவ்வளவு தடுக்கிறது என்று கேட்டறியும் ஆஸ்வெஸ்ட்ரி இயலாமை மதிப்பெண் 44 விழுக்காடு (கூடினால் மோசம்).

பரிசோதனை

குனிதல் தடையின்றி நடந்தது. சாய்வுமானியில் இடுப்பின் பங்கு மட்டும் 58 டிகிரி. நிமிரும்போது பாதி வழியில் முழங்காலை மடக்கி, தொடையில் கை ஊன்றினார். முள்முனைகளை மேலிருந்து தடவி வரும்போது எல்4க்கும் எல்5க்கும் இடையே ஒரு படி தட்டுப்பட்டது. இதை வைத்து நழுவல் எந்த வகை என்று முடிவு கட்ட முடியாது. தேய்மான நழுவலில் எல்4 முழுதாக, பின்பகுதியோடு சேர்ந்து முன்னே போகிறது. முள்ளெலும்பின் உடலையும் பின்பகுதியையும் இணைக்கும் எலும்புப் பாலம் முறிந்த எல்5 நழுவலிலோ எல்5இன் உடல் மட்டும் முன்னே போய், முள்முனை பின்தங்குகிறது. இரண்டிலும் படி அதே இடத்தில்தான் இருக்கும்.

கால் நீட்டித் தூக்கும் சோதனை இரு பக்கமும் 80 டிகிரி, காலில் வலி இல்லை. தசை வலிமை, அனிச்சை, தொடு உணர்வு இயல்பு.

குப்புறப்படுத்த உறுதியின்மைச் சோதனை: உடம்பு கட்டிலின் மேல், பாதங்கள் தரையில். எல்4 மீது கையால் அழுத்தியபோது அவருக்குப் பழக்கமான அதே வலி வந்தது. பாதங்களைத் தரையிலிருந்து சற்றே தூக்கச் சொல்லி மறுபடி அழுத்தியபோது வலி போய்விட்டது. முடிவு நேர்மறை. அடுத்து, குப்புறப்படுத்தவரின் இரு கால்களையும் முழங்கால் மடங்காமல், மெல்ல இழுத்தபடி சுமார் 30 செ.மீ. உயர்த்தினால் 'இடுப்பு கழண்டு போற மாதிரி' இருந்தது, இறக்கியதும் தீர்ந்தது. கசாயும் குழுவினரும் 2006இல் விவரித்த இந்தச் சோதனைக்கு அவர்களுடைய ஆய்வில் உணர்திறன் (உறுதியின்மை உள்ளவரைக் கண்டுபிடிக்கும் அளவு) 84.2, தனித்தன்மை (இல்லாதவரை இல்லை என்று சொல்லும் அளவு) 90.4 விழுக்காடு. ஃப்ரிட்ஸ் குழுவின் 2005 ஆய்வில், குனிதல் 53 டிகிரிக்கு மேல் இருந்து, அழுத்திப் பார்க்கும்போது எந்த முள்ளெலும்பு மட்டமும் இறுகியில்லாமல் இருந்தால், படத்தில் உறுதியின்மை தெரியும் வாய்ப்பு பெரிதும் கூடியது. ஆனால் அது 49 பேரை மட்டும் வைத்த ஆய்வு. அதன் எண்களை அப்படியே தூக்கிப் பிடிக்க முடியாது.

இத்தனை அடையாளங்கள் ஒரே மட்டத்தைச் சுட்டியபோதும், ஹிக்ஸ் 2005இல் தந்த நான்கு அம்ச விதி இவருக்குப் பொருந்தவில்லை. 40க்குக் குறைந்த வயது, 91 டிகிரிக்கு மேல் கால் உயர்தல் இரண்டும் இல்லை. நிமிர்வதில் ஒழுங்கின்மையும் குப்புறப்படுத்த சோதனையும் மட்டுமே உண்டு. மூன்று தேவை. அந்த விதி உறுதிப்படுத்தும் பயிற்சியால் யார் தேறுவார் என்பதைக் கணிக்க எழுதப்பட்டது. எலும்பு எவ்வளவு அசைகிறது என்று அதைக் கேட்பது பொருந்தாது.

மறுபடி எக்ஸ்ரே ஏன்?

இடுப்பு வலி வந்த முதல் ஆறு வாரத்தில், அபாயக் குறிகள் இல்லாதவருக்கு எக்ஸ்ரே தேவையில்லை. இங்கே ஏழு மாதம் ஆகிவிட்டது. கையில் இருந்ததோ படுத்த நிலைப் படம் ஒன்றே. அதில் பாரம் இல்லை, அசைவும் இல்லை. நழுவல் உண்டு என்று சொல்ல அது போதும், பெயர்வைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. அதை வைத்து 'உறுதியின்மை' என்று எழுதியதற்கு அடிப்படையே கிடையாது.

இடுப்பு எக்ஸ்ரே வரிசை ஒன்றின் கதிர்வீச்சு சுமார் 1.5 மில்லிசீவர்ட். இயற்கைச் சூழலிலிருந்து ஓராண்டில் நாம் பெறும் உலகச் சராசரி 2.4 என்பதோடு ஒப்பிட்டால் இது அலட்சியப்படுத்தக்கூடிய அளவன்று. ஆகவே பக்கவாட்டுப் படங்கள் மூன்று மட்டும் கேட்கப்பட்டன: நின்றபடி, குனிந்தபடி, பின்னே சாய்ந்தபடி. கடைசி மாதவிலக்கு தேதியை உறுதி செய்த பிறகே படம். எலும்பு முறிவு, தொற்று, கட்டி, புதிதாக வந்த நரம்புப் பலவீனம் என்று ஏதேனும் சந்தேகம் இருந்தால் குனியவைத்துப் படம் எடுக்கக் கூடாது.

படம் எடுத்த முறை

பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் உள்ளே நுழைகின்றன. முதலில் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். மறந்துபோய்ப் பெல்ட்டோடு எடுத்த அசைவுப் படங்கள் உண்டு. அரைஞாண், பாவாடை நாடா முடிச்சு, கொக்கி எல்லாம் எல்4–எல்5 மீதே விழும் என்பதால் உடை மாற்றிவிடுவது நல்லது.

பக்கவாட்டில் நிற்க வேண்டும். இரு இடுப்பெலும்புகளும் தட்டுக்குச் செங்குத்தான ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கற்றையின் மையம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம். இடுப்பு சில டிகிரி திரும்பினாலே முள்ளெலும்பின் பின்விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரியும். ஒரு படத்தில் முன்கோட்டையும் அடுத்ததில் பின்கோட்டையும் பிடித்து அளந்தால் இல்லாத பெயர்வு இரண்டு மில்லிமீட்டர் முளைத்துவிடும். இரட்டைக் கோடு வந்தால் இரண்டுக்கும் நடுப்புள்ளியை எடுக்க வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தப் படத்தை அளக்கவே கூடாது.

குனியும் படத்தில் பலரும் தொடை மூட்டிலிருந்து மடிவார்கள், முதுகு பலகையாக நிற்கும். முகம் தரையைப் பார்த்தாலும் எல்4–எல்5 அசைந்தே இருக்காது. வலியுள்ளவர்கள் தசையை இறுக்கிக்கொள்வதாலும் இதே நடக்கும். 'பெயர்வு இல்லை' என்ற பொய்யான ஆறுதல் அப்படித்தான் பிறக்கிறது. நின்று குனிய முடியாதவரை ஸ்டூலில் உட்காரவைத்து, வயிற்றை உள்ளிழுத்து முதுகைக் கூன்போட்டு முழங்காலை நோக்கிக் குனியச் சொன்னால் இடுப்பெலும்பு பின்னே உருண்டு கீழ்முதுகு நன்றாக மடியும். மூன்று படங்களையும் மூச்சை வெளிவிட்டு நிறுத்திய நிலையில், ஒரே தூரத்தில் எடுக்க வேண்டும். எல்1இலிருந்து சாக்ரம் வரையான மொத்தக் கோணம் குனிதலுக்கும் சாய்தலுக்கும் இடையே எவ்வளவு மாறியது என்பதை அறிக்கையில் சேர்க்கச் சொல்வது உதவும். அது அற்பமாக இருந்தால் ஒற்றை மட்டத்தின் எண்ணுக்குப் பொருளில்லை.

அளவீடு

எல்5இன் மேல்தட்டை, அதாவது மேற்பரப்பை, ஒட்டி ஒரு கோடு. எல்5இன் பின்–மேல் மூலையிலிருந்து அதற்கு ஒரு செங்குத்து. எல்4இன் பின்–கீழ் மூலையிலிருந்து இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் நழுவல். அதை எல்5 மேல்தட்டின் நீளத்தால் வகுத்து விழுக்காடாக்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு உண்மையைவிடப் பெரிதாகவே விழும், எவ்வளவு என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். விழுக்காட்டில் அந்தப் பிழை அடிபட்டுப்போகும். வேறு வேறு இடங்களில் எடுத்த படங்களை மில்லிமீட்டரில் ஒப்பிடவே கூடாது.

இவருக்கு மேல்தட்டு 36 மி.மீ. நின்ற படத்தில் நழுவல் 6 மி.மீ., அதாவது 16.7 விழுக்காடு. குனிந்ததில் 8 மி.மீ., 22.2 விழுக்காடு. சாய்ந்ததில் 5 மி.மீ., 13.9 விழுக்காடு. பழைய படுத்த படத்தில் 11 விழுக்காடு. எல்4க்கும் எல்5க்கும் இடையே உள்ள வட்டின் (டிஸ்க்) கோணம் சாய்ந்தபோது 13 டிகிரி, குனிந்தபோது 4. மாற்றம் 9 டிகிரி. எலும்புப் பாலம் முழுசாக இருந்தது, எல்4இன் பின்பகுதியும் சேர்ந்தே முன்னே போயிருந்தது. தேய்மான நழுவல், நழுவலின் விழுக்காட்டை வைத்து நிலை பிரிக்கும் மேயர்டிங் அளவுகோலில் முதல் நிலை.

ஆக, பெயர்வு 3 மி.மீ., 8.3 விழுக்காடு. அதே படங்களை இன்னொருவர் அளந்தபோது 7.4, 5.2 என்று வந்து, பெயர்வு 2.2 மி.மீ. ஆனது. இருவரும் கவனமாகத்தான் அளந்தார்கள். மூலை எங்கே முடிகிறது, தேய்மானத்தால் வளர்ந்த எலும்புமுனை எங்கே தொடங்குகிறது என்பதில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு யாருக்கும் வரும்.

எந்த எல்லைக்கோடு?

குனிந்தும் சாய்ந்தும் எடுக்கும் படத்தால் உறுதியின்மையைத் தேடும் வழக்கம் 1944இல் நட்சன் எழுதியதிலிருந்து தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எல்லோரும் ஏற்ற ஒரே எல்லை கிடையாது. 3 மி.மீ. என்பார் உண்டு, 4 என்பார் உண்டு. கோணத்துக்கு 10 டிகிரி என்பார் உண்டு. வைட்–பஞ்சாபி அளவுகோலில் பெயர்வு 4.5 மி.மீ. அல்லது 15 விழுக்காடு. கோண மாற்றம் எல்3–எல்4 வரை 15 டிகிரி, எல்4–எல்5இல் 20, எல்5–எஸ்1இல் 25.

3 மி.மீ. எல்லை வைத்தால் முதல் அளவீட்டில் இவருக்கு உறுதியின்மை உண்டு, இரண்டாவதில் இல்லை. வைட்–பஞ்சாபி பெயர்வு எல்லையை இரண்டுமே தொடவில்லை. அசையாத நிலையில் 15 விழுக்காட்டைத் தாண்டிய நழுவலுக்கு அந்தப் பட்டியல் 2 புள்ளி தரும். பாரம் தூக்கும் வேலைக்கு இன்னும் 1 சேர்த்தாலும் 3தான். உறுதியின்மை என்று சொல்ல 5 வேண்டும். இதற்கும் மேலே, படுத்த நிலையின் 11 விழுக்காட்டிலிருந்து குனிந்த நிலையின் 22 வரை எடுத்துக்கொண்டால் பெயர்வு 4 மி.மீ. ஆகிவிடுகிறது! எந்த இரு படங்களை ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து நோயின் பெயர் மாறுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களிடமும் இதே நிலைதான்: படுத்தவுடன் நழுவல் பின்வாங்கிவிடுவதால், எம்.ஆர்.ஐ.யை நின்ற அல்லது குனிந்த எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழு அசைவும் தெரியும். முள்ளெலும்புகளைப் பின்புறம் இணைக்கும் சிறு மூட்டான முகமூட்டில் 1.5 மி.மீ.க்கு மேல் நீர் கோத்திருப்பது அந்த ஸ்கேனில் கவனிக்க வேண்டிய துப்பு. காலில் அறிகுறி இல்லாததால் இவருக்கு எம்.ஆர்.ஐ. கேட்கவில்லை.

வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? பிரின்ஜிக்ஜி குழு 2015இல் 33 ஆய்வுகளைத் தொகுத்தபோது, அறிகுறியற்ற 40 வயதினரில் 8 விழுக்காட்டினருக்கும், 50இல் 14, 60இல் 23 விழுக்காட்டினருக்கும் நழுவல் இருந்தது. ஃபிரேமிங்ஹாம் மக்கள்தொகையில் 188 பேரின் சி.டி. படங்களை 2009இல் கலிக்மன் குழு ஆராய்ந்தபோது நழுவலுக்கும் இடுப்பு வலிக்கும் தொடர்பு தென்படவில்லை. எலும்புப் பாலம் முறிந்த சிறுவர்களை 45 ஆண்டு தொடர்ந்த பியூட்லர் குழுவின் 2003 அறிக்கையிலும், வலியின் அளவு பொது மக்களைப் போலவே இருந்தது. நழுவல் வளரும் வேகம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைந்தது. 'நகர்ந்துகொண்டே போகும்' என்று பயமுறுத்துவோர் இதை அறிய வேண்டும்.

மேலே சொன்ன அளவுகோலின் பஞ்சாபி 1992இல் உறுதியின்மையை வேறு கோணத்தில் விளக்கினார். முதுகை நிலையாக வைப்பதில் எலும்பு, தசைநார் ஒரு பங்கு. தசைகள் ஒரு பங்கு. இவற்றை ஆளும் நரம்புக் கட்டுப்பாடு ஒரு பங்கு. அசைவின் நடுப்பகுதியில், எதிர்ப்பு மிகக் குறைவாக உள்ள இடம் விரிந்துபோவதே தொல்லை என்றார் அவர். எக்ஸ்ரே பதிவு செய்வது அசைவின் இரு முனைகளை. நிமிரும்போது நடுவழியில் 'புடிச்சுக்கும்' இடம் அந்த மூன்று படத்தில் எதிலும் இல்லை.

முடிவும் சிகிச்சையும்

படத்தின் மட்டமும் பரிசோதனையின் மட்டமும் ஒன்றாக இருந்ததால் எல்4–எல்5 வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்று கொண்டோம். 'உறுதியின்மை' என்ற சொல்லை நோயாளியிடம் பயன்படுத்தவில்லை. படத்தைக் காட்டி, நழுவல் முதல் நிலையில் இருப்பதையும், நரம்பு நன்றாக இருப்பதையும், குனிவதால் எலும்பு கழன்று விழாது என்பதையும் சொன்னோம். இது சிகிச்சையின் பகுதி. ஐந்து மாதப் பயம் அவர் தசைகளை எந்நேரமும் இறுக்கியே வைத்திருந்தது.

பெல்ட், துணிக்கட்டு தூக்கும் நேரத்துக்கு மட்டும் என்று குறைக்கப்பட்டு, மூன்றாம் வார முடிவில் நிறுத்தப்பட்டது. முதல் மூன்று வாரம்: மூச்சை அடக்காமல் அடிவயிற்றை இறுக்குதல், 10 நொடி, 10 முறை, நாளுக்கு இருவேளை, நாற்கால் நிலையில் எதிர்க்கை, எதிர்க்கால் நீட்டல், 8 நொடி, பக்கத்துக்கு 6, நடை 10 நிமிடம் இருமுறை. கால் நீட்டும்போது வயிறு தொங்கி இடுப்பு குழிந்தால் பின்சாய்வு வலி வரும். காலை இடுப்பு மட்டத்துக்கு மேல் உயர்த்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நான்கு முதல் ஏழு வாரம்: முழங்கால் ஊன்றிய பக்கப் பலகை 15 நொடி, 4 முறை, துடைப்பக் கம்பை முதுகில் வைத்துத் தொடை மூட்டில் மடியும் பழக்கம், மேசை உயரத்திலிருந்து 4 கிலோ. எட்டு முதல் பன்னிரண்டு: முழங்கால் உயரத்திலிருந்து 8 கிலோ, 8 முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். எடையையும் ஆழத்தையும் ஒரே வாரத்தில் கூட்டுவதுதான் பெரும்பாலான பின்னடைவுகளுக்குக் காரணம். வலி 4 வரை வந்து மறுநாள் காலைக்குள் தணிந்தால் தொடரலாம். வேலையிடத்தில் துணிக்கட்டுகள் தரைக்குப் பதிலாக 70 செ.மீ. மேசைக்கு மாறின. தரையிலிருந்து எழ, ஒரு காலை மண்டியிட்டு நாற்காலியில் கை ஊன்றும் முறை கற்பிக்கப்பட்டது.

நழுவல் உள்ள 44 பேரை வைத்து ஓ'சல்லிவன் 1997இல் செய்த ஆய்வில், பத்து வாரக் குறிப்பிட்ட பயிற்சியின் பலன் 30 மாதம் வரை நின்றது. பொதுவான இடுப்பு வலியில் இத்தகைய பயிற்சி மற்றப் பயிற்சிகளைவிட மேலானது என்று பின்வந்த தொகுப்பாய்வுகள் காட்டவில்லை. ஆகவே எந்தப் பயிற்சி என்பதில் பிடிவாதம் வேண்டாம். பயமின்றிப் பாரம் ஏற்றுவது முக்கியம்.

பன்னிரண்டாம் வாரத்தில் வலி 2, ஆஸ்வெஸ்ட்ரி 16. நடுவழிப் பிடிப்பு எப்போதாவது வருகிறது. முழு நேர வேலை. எந்தப் பகுதி எவ்வளவு உதவியது என்று ஒரே நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. தானாகத் தணியும் இயல்பும் இதில் கலந்திருக்கும். எக்ஸ்ரே மறுபடி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நழுவல் அப்படியேதான் இருந்திருக்கும், அதைக் கண்டு அவர் மறுபடி பெல்ட்டை மாட்டியிருப்பார்.

படம் முடிவை மாற்றும் இடங்கள்

விபத்து, தொற்று, கட்டி, முன்னர் எலும்பு அகற்றிய அறுவை, பதின்வயதினரின் பெரிய நழுவல்: இங்கெல்லாம் அசைவும் நழுவலும் சிகிச்சையைத் தீர்மானிக்கும். இன்னொன்று, நரம்புக்குழாய் நெருக்கத்துக்கு அறுவை திட்டமிடும் நேரம். நெருக்கத்தை நீக்குவது மட்டும் போதுமா, எலும்புகளை இணைக்கவும் வேண்டுமா என்ற கேள்வியில் 2016இல் இரு சோதனைகள் ஒரே சமயத்தில் வந்தன. ஸ்வீடனின் ஃபோர்ஸ்த் குழு 247 பேரில், இணைப்பால் ஆஸ்வெஸ்ட்ரியில் கூடுதல் பலன் காணவில்லை. அமெரிக்காவின் கோகவாலா குழு 66 பேரில் பொது உடல்நல மதிப்பெண்ணில் ஓரளவு மேம்பாடு கண்டது. ஆனால் 3 மி.மீ.க்கு மேல் பெயர்வு உள்ளவர்களை அது சேர்க்கவே இல்லை. நார்வேயில் 267 பேருடன் 2021இல் வெளியான சோதனையில், நெருக்கத்தை மட்டும் நீக்கியது இணைப்புக்குப் பின்தங்கவில்லை. மறு அறுவை நெருக்கத்தை மட்டும் நீக்கியவர்களில் 12.5, இணைத்தவர்களில் 9.1 விழுக்காடு.

இவர் ஆறாம் மாதத்தில் ஒருமுறை வர வேண்டும். நடக்கும் தூரம் குறைவது, முழங்காலுக்குக் கீழே வலி இறங்குவது, பாதம் தொங்குவது ஆகியவை வந்தால் அதற்கு முன்பே வர வேண்டும், அப்போது எம்.ஆர்.ஐ.யும் நின்ற நிலை எக்ஸ்ரேயும் சேர்த்துக் கேட்கப்படும். சிறுநீர் அடைபட்டாலோ, மலவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுக்கப்பட்டது.